இரண்டு நிறுத்தம் தள்ளி

ஜனவரி 12

முதல் மருந்து ஏற்றிக்கொண்டு தலைநகரிலிருந்து திரும்பியாயிற்று. பகல் முழுக்க ரயில். பாதி தூரம் கழிப்பறை வாசலில் நின்றே வந்தேன். எதிர் இருக்கைக்காரரிடம் அம்மா, "சாப்பாடு ஒத்துக்கலை" என்று பொய் சொன்னாள். புற்றுநோய் என்றால் எழுந்து போய்விடுவாராம். போகட்டுமே. காலை நீட்டிக்கொள்ளலாம்.

கழுத்தில் கோலிக்குண்டு அளவு ஒரு கட்டி. அதற்கு இத்தனை அலைச்சல்.

ஜனவரி 15

நான் பாடம் நடத்தும் பள்ளிக்கூடத்திலிருந்து இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு திறந்திருக்கிறார்கள். தலைநகர் டாக்டரே சொல்லிவிட்டார்: "மருந்து அதேதான். அளவு நான் எழுதித் தர்றேன். அங்கேயே ஏத்திக்கோங்க."

தலைநகரில் இருக்கும் அண்ணனுக்குத்தான் மனம் ஒப்பவில்லை. போனில் கத்தினான்.

"உயிர் விஷயம்டி. பல்லு புடுங்கப் போற மாதிரி பக்கத்துல போயிட்டு வருவியா?"

"டாக்டரே சொல்றாங்கண்ணா."

"இங்க வந்து இரு. ரூமெல்லாம் ரெடி பண்ணிட்டேன்."

"என் பிள்ளைங்க?"

"யாரு பெத்த பிள்ளைங்க?"

வைத்துவிட்டேன்.

ஏழு பேர். காது கேளாதவர்கள். இந்த வருடம்தான் கைகளால் முழு வாக்கியம் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். நான் போய்விட்டால் அந்த வகுப்பில் சைகை மொழி தெரிந்த பெரியவர் எவரும் இல்லை. பேச ஆரம்பித்தவர்களை மறுபடி ஊமையாக்கிவிட்டுப் போகவா?

நோய் வந்திருக்கிறது. வந்தது இருக்கட்டும். அதற்காக நான் வீடு மாற மாட்டேன்.

பிப்ரவரி 2

இங்கேயேதான். பிடிவாதம் என்கிறான் அண்ணன். ஆமாம்.

புதுப் பிரிவில் நான்கு சாய்வு நாற்காலி, ஒரு ஜன்னல், எதிரே மெக்கானிக் கடை. "எந்தக் கையில ஊசி போடட்டும்?" என்றார் சிஸ்டர்.

"இடது. வலது கையாலதான் நிறையப் பேசணும்."

"அப்போ வாய் எதுக்கு இருக்கு?"

விளக்கினேன். "என் வீட்டுக்காரரைத் திட்ட நாலு சைகை கத்துக்குடு" என்றார்.

மருந்து இறங்கி முடிந்து அரை மணியில் வீடு. வாந்தி வந்தது. என் வாளி, என் குழாய், என் கதவு. வாந்தி எடுக்கவும் சொந்த வீடு வேண்டியிருக்கிறது.

பிப்ரவரி 7

முடி போயிற்று. வகுப்பில் எனக்குப் புதுப் பெயர்: உள்ளங்கையால் மண்டையில் ஒரு தேய்ப்பு. கேட்டுவிட்டு அம்மா அழுதாள். எனக்குப் பழைய பெயரைவிட இது பிடித்திருக்கிறது.

பிப்ரவரி 23

பக்கத்து நாற்காலியில் ஒரு லாரி டிரைவர். "போன வருஷம் என் தம்பிக்கு வந்துச்சு. ரெண்டு தடவை தலைநகருக்கு அவ்ளோ தூரம் போயிட்டு வந்தான். மூணாவது தடவை 'என்னால ஆகாதுண்ணே'ன்னு படுத்துட்டான்."

அந்தத் தம்பியைக் கொன்றது நோய் மட்டும்தானா?

கோபம் வருகிறது. வரட்டும்.

மார்ச் 3

குட்டி வக்கீல் — முன்வரிசைப் பெண், எதற்கெடுத்தாலும் வழக்காடுவாள் — பாடத்தின் நடுவே எழுந்து நின்று கையாட்டினாள்.

"டீச்சர், உங்க கை குழறுது."

மற்ற ஆறு பேரும் தலையாட்டினார்கள். குளிர் என்றேன். குளிரா? இரண்டு விரல்களைத் தனித்தனியாக நிமிர்த்த வேண்டிய இடத்தில் சேர்ந்தே எழுந்தன. காலையில் பொத்தான் போட முடியாமல் சட்டையைத் திட்டியது நினைவு வந்தது. சட்டை பாவம்.

மதிய இடைவேளையில் ஆஸ்பத்திரி. கண்ணை மூடச் சொல்லி, டாக்டர் விரல் நுனிகளில் பஞ்சால் தொட்டார். எந்த விரல் என்றார். பாதி தவறு. மருந்துகளில் ஒன்று நரம்பைத் தொடுமாம். அங்கிருந்தே தலைநகருக்குப் போன் போட்டார். அடுத்த முறையிலிருந்து அதன் அளவைக் குறைக்கிறார்கள்.

"இதே அளவுல இன்னும் ரெண்டு தடவை ஏத்தியிருந்தா..." என்றவர் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதில்லை. என் விரல்கள்தான் என் நாக்கு.

கடைசி வகுப்புக்குத் திரும்பிவிட்டேன்.

அண்ணனிடம் சொன்னேன். "பாத்தியா? நான் அப்பவே சொன்னேன், அந்த ஆஸ்பத்திரி—"

"மருந்து எழுதினது உன் ஊர் டாக்டர். கண்டுபிடிச்சது என் வகுப்பு. அங்க இருந்திருந்தா, குளிருன்னு சொல்லி உன் ரூம்ல போத்திட்டுப் படுத்திருப்பேன். என் கை எப்படிப் பேசும்னு அங்க யாருக்குடா தெரியும்?"

முதல் தடவையாக 'டா' போட்டேன்.

மார்ச் 9

தூரம் ஒரு மருந்தல்ல. யாராவது சுவரில் எழுதி வைத்தால் தேவலை.

ஏப்ரல் 6

டாக்டர் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். கட்டி தட்டுப்படவில்லை. இன்னும் ஒரு முறை. விரல்கள் மெதுவாக வருகின்றன. சுண்டுவிரல் மட்டும் முரண்டு பிடிக்கிறது. யாருடைய விரல், பின்னே?

ஏப்ரல் 27

கடைசி மருந்து. அண்ணன் நேற்றே வந்துவிட்டான். விடுப்பு எடு என்றான். காலை வகுப்பை முடித்துவிட்டுத்தான் வருவேன் என்றேன். முறைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு முன்னால் போனான்.

வகுப்பில் சண்டை. நிலவுக்கு வால் உண்டா என்று. குட்டி வக்கீல் உண்டு கட்சி. நேரம் போனதே தெரியவில்லை. போன் அதிர்ந்தது. சிஸ்டர்.

"எங்கேம்மா இருக்க? உங்கண்ணன் உன் நாற்காலியில உக்காந்துக்கிட்டு யாரையும் கிட்ட விடமாட்டேங்கிறாரு. 'கையை நீட்டுங்க சார், உங்களுக்கே ஏத்திடறேன்'னேன். அப்பவும் எந்திரிக்கலை."

"பத்து நிமிஷம் சிஸ்டர். இங்க ஒரு தீர்ப்பு சொல்லணும்."

போய்ச் சேர்ந்தபோது அண்ணன் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தான், சாய்ந்தால் யாராவது பிடுங்கிக்கொள்வார்கள் என்பதுபோல.

"லேட்டு" என்றான்.

"கிளாஸ்" என்றேன்.

எழுந்து இடம் விட்டான்.