ஜன்னலில் தெரியும் மலை

அன்புத் தங்கைக்கு,

"அமெரிக்காவுல எந்த ஊருல வேணாலும் வேலை கிடைக்கும்க்கா. எனக்கு மலையேறணும். எங்க வீடு பார்க்கட்டும்?" என்று போன வசந்தத்தில் கேட்டாய். உன் அத்தான் தொலைபேசியைப் பிடுங்கி, "மொன்டானாவுக்கு வந்துடு கொழுந்தியா! சமையலறை ஜன்னல்லயே மலை நிக்குது. சியோல்ல உன் ஜன்னல்ல என்ன தெரியுது, எதிர்வீட்டுத் துணிக்கொடியா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

அங்கே சியோலில், புகான்சான் மலையில் வழுக்கி விழுந்தால் பத்துப் பேர் தூக்கிவிடுவார்கள். "கண்ணு எங்கய்யா இருக்கு?" என்று யாராவது திட்டிக்கொண்டே வெள்ளரிக்காய் நீட்டுவார்கள். அதனால் எந்தப் பாதை என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போகும் வழக்கம் நமக்கில்லை. அந்தப் புதன்கிழமையும் உன் அத்தான், எதிரே வருகிறவர்களுக்கும் சேர்த்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டுதான் இந்த ஊர் மலைக்குக் கிளம்பினார்.

தேட வந்தவர்கள் எந்தப் பாதை என்று கேட்டார்கள். முப்பது வருடம் வகுப்பில் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவள், ஜன்னலில் தெரிந்த மலையை மட்டும் காட்டினேன். நான்காம் நாள் உடலைக் கொண்டுவந்தார்கள். கால் மட்டும்தான் உடைந்திருந்தது. டப்பாவில் பாதி வெள்ளரிக்காயை மிச்சம் வைத்திருந்தார்.

எனக்குத் துணையாக இங்கேயே வீடு எடுப்பதாக எழுதியிருக்கிறாய். அவசரப்படாதே. எந்த ஊரானாலும், கையெழுத்துப் போடும் முன் ஒரு புதன்கிழமை அங்குள்ள மலைப்பாதை தொடங்குமிடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, எத்தனை பேர் வருகிறார்கள் என்று எண்ணிப் பார்.

உன் அக்கா