நூறு என்று எழுத மறுத்தவனுக்கு

இன்று காலை பக்கத்துக் குடியிருப்புக்குத் தண்ணீர் லாரி வந்தது. ரப்பர் குழாயின் ஈர நாற்றம் நாலாம் மாடி வரை ஏறி வந்ததும் உன் நினைப்பு வந்துவிட்டது. நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஹைதராபாத் கொண்டாப்பூரில் உன்னைத் திட்டியவர்களில் பாதிப்பேர் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

வம்பை ஆரம்பித்தது நான். அமெரிக்க வாடிக்கையாளர் ஒருவருக்காக, அவர்கள் ஊர் சட்டமன்ற உறுப்பினர்கள் எத்தனை முறை கட்சியோடு சேர்ந்து வாக்களித்தார்கள் என்று காட்டும் இணையப் பக்கத்தை நம் ஆபீஸில் செய்துகொடுத்தோமே, நான் புரோகிராம் எழுத, நீ சோதித்தாய். அதே புரோகிராமை நம் தொகுதி எம்.எல்.ஏ.வுக்கும் ஓட்டிப் பார்த்தேன். நூற்றுக்கு நூறு வந்தது. குடியிருப்போர் சங்கத்தின் இணையப் பக்கத்தில் பெருமையாகப் போட்டும்விட்டேன்.

நீ ஒரே கேள்விதான் கேட்டாய். "அவரு கட்சியோடதான் ஓட்டுப் போட்டாருன்னு ஒனக்கு யாருல சொன்னா?"

எதிர்த்துப் போட்டதாக எங்கேயும் இல்லையே என்றேன். உனக்கு வந்த கோபம் இருக்கிறதே! மறுவாரமே விடுப்பு எடுத்து, அனுமதிச்சீட்டு வாங்கி, சட்டமன்றத்தில் பார்வையாளர் மாடத்தில் போய் உட்கார்ந்தாய். சாயங்காலம் வந்து சொன்னாய்: "எல்லாரும் மொத்தமா 'ஆமா'ன்னு சத்தம் குடுக்காங்க, மசோதா பாஸாயிருது. பேரு பேரா யாரும் எழுதல. கேட்டா எண்ணுவாங்களாம், யாரும் கேக்கல. நீ வெத்துக் கட்டத்துலல்லாம் நூறப் போட்டு வச்சிருக்க." நூறை அழித்துவிட்டு 'பதிவு இல்லை' என்று போட்டாய்.

அதற்குள் எம்.எல்.ஏ.வின் உதவியாளர் அந்த நூறைப் பார்த்துவிட்டார். எம்.எல்.ஏ. கட்சி மாறப்போகிறார் என்று அப்போது ஊரெல்லாம் பேச்சு. எப்போதும் கட்சியோடுதான் வாக்களித்தார் என்று சங்கத்தின் முத்திரையோடு ஒரு கடிதம் கொடுத்தால் மேலிடத்தில் காட்ட வசதியாக இருக்கும், நம் குடிநீர்க் குழாய் மனுவையும் சீக்கிரம் நகர்த்தலாம் என்றார் உதவியாளர். தொண்ணூறு குடும்பமும் லாரித் தண்ணீரை நம்பி இருந்தோம். சங்கச் செயலாளர் நீ. கையெழுத்துப் போட வேண்டியவனும் நீ.

முப்பது வருடமாக ஹைதராபாத்தில் ஊறிப்போன தஞ்சாவூர்க்காரரான நம் சங்கத் தலைவர் உன்னிடம் கெஞ்சவே செய்தார். "ஒரு கையெழுத்துப் போட இவ்வளவு யோசனையா? அவர் எதிர்த்துப் போட்டார்னு யாராவது சொன்னாளா?"

"எதிர்த்துப் போடலன்னும் யாரும் சொல்லலியே சார். குழாய் நமக்கு வரவேண்டியது. அதுக்காவ நான் பாக்காதத பாத்தேன்னு எழுத மாட்டேன்."

இரண்டு கோடை போயிற்று. லிஃப்டில் நீ ஏறினால் சிலர் இறங்கிக்கொண்டார்கள். நானே ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை, வெட்கக்கேடு. நீயோ ஆபீஸ் விட்டு வந்ததும் மூன்றாம் மாடி முதியவர்களுக்குக் குடம் குடமாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாய். மனு தன் முறையில் நகர்ந்து, கடைசியில் குழாய் வந்தது. யாருக்கும் எந்தக் கடிதமும் கொடுக்காமல் வந்த தண்ணீர் அது. அன்று உன் நண்பன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு நெஞ்சு கொள்ளாத பெருமை.

போன வருடம் ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பத்து நாளில் வீட்டுக்கு வந்துவிடுவாய் என்றார்கள். அவர்கள் போனபின் நீ என் பக்கம் திரும்பினாய். "நான் பொழைப்பேனால?"

உன்னிடம் பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியலடா," என்றேன். டாக்டர் என்னிடம் சொன்னதும் அவ்வளவுதான்.

நீ என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "இப்பந்தாம்ல நீ ஒரு உருப்படியான பதில் சொல்லிருக்க."

பத்து வருடம் என் வேலையில் குற்றம் கண்டுபிடித்தவன், என்னைப் பாராட்டியது அந்த ஒரு தடவைதான். அதை வைத்துக்கொண்டுதான் இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறேன்.