திரும்பி வருவதற்கான சான்று

ஜோகன்னஸ்பர்க்
வியாழக்கிழமை இரவு

அன்புள்ள சித்திக்கு,

லுங்கிலே எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். சித்தப்பாவுக்கும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் எதைக் கேள்விப்பட்டாலும் உடனே அப்பாவுக்கு போன் போட்டு, "அண்ணே, இது நெசமா?" என்று கேட்டுவிடுவார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடுங்கள், தயவுசெய்து.

பேக்கி மாமாவின் வண்டி விடியற்காலையில் புலவாயோவுக்குக் கிளம்புகிறது. அம்மா உங்களுக்கு அனுப்பும் எண்ணெய், சர்க்கரை, சோப்பு எல்லாம் கட்டி வாசலில் வைத்திருக்கிறது. சோள மாவு மூட்டையின் தையலைக் கொஞ்சம் பிரித்து இதை உள்ளே செருகப் போகிறேன். மாவைக் கொட்டும்போது கிடைக்கும். போனில் சொல்ல வழியில்லை. அம்மாவின் போனில்தான் நானும் பேசுவேன், அதில் எது போனாலும் வந்தாலும் அப்பா பார்த்துவிடுவார்.

நீங்கள் சுகமாக இருக்கிறீர்களா? சித்தப்பாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? அங்கே வாரத்தில் இரண்டு நாள்தான் குழாயில் தண்ணீர் என்று அம்மா சொன்னாள். இங்கே தண்ணீர் வருகிறது, மின்சாரம்தான் போய்விடுகிறது. இந்த வருடம் ஜூன் குளிர் அதிகம். இப்போது குளியலறையில் உட்கார்ந்து மெழுகுவத்தி வெளிச்சத்தில் எழுதுகிறேன். நான்கு குடும்பங்கள் இருக்கும் இந்த வீட்டில் தாழ்ப்பாள் உள்ள உள்கதவு இது ஒன்றுதான். மற்றதெல்லாம் திரைச்சீலை. எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவும் அம்மாவும் ஜூலையில் இத்தாலிக்குச் சுற்றுலா போகிறார்கள் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். கடை முதலாளி கொடுத்த பரிசு என்றும் சொல்லியிருப்பார்கள். அப்படி ஒரு பரிசும் இல்லை. முதலாளி கொடுத்தது ஒரு கடிதம் மட்டும்தான். கட்டில், மேஜை எல்லாம் வண்டியில் ஏற்றி வீடு வீடாக இறக்கும் அப்பாவை அதில் மேலாளர் என்று எழுதியிருக்கிறார். அதைப் படித்த அன்று அம்மா அப்பாவுக்குச் சோளக்களி பரிமாறிக்கொண்டே, "மேலாளர் ஐயாவுக்கு இன்னும் கொஞ்சம் கீரை வைக்கட்டுமா?" என்றாள். அப்பா கெத்தாகத் தலையை ஆட்டினார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு இந்த வீட்டில் அப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

இந்த நாட்டில் தங்கி வேலை செய்ய எங்களுக்குத் தந்த அனுமதிச்சீட்டு நவம்பரில் முடிகிறது. இந்தத் தடவை புதுப்பிக்க மாட்டார்கள் என்றுதான் தேவாலயத்திலும் பேருந்திலும் பேச்சு. இங்கே தங்க அனுமதி மூன்று மாதமாவது மிச்சம் இருந்தால்தான் இங்கிருந்து ஐரோப்பாவுக்கு விசா கேட்க முடியும். ஆகஸ்ட் தாண்டினால் கேட்கவே முடியாது. ஊருக்கு வந்து கேட்கலாம் என்றால் அங்கே வேலை இல்லை, சம்பளக் கடிதம் இல்லை. அதனால் பிப்ரவரியிலேயே ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரு தடவை கேட்டார்கள். மூன்று வாரம் கழித்து ஒரு தாள் வந்தது. அதில் வரிசையாகக் கட்டங்கள். ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் பேனாவால் குறி போட்டிருந்தது. "நீங்கள் திரும்பிச் செல்வீர்கள் என்று நம்ப இயலவில்லை" என்ற கட்டம் அது. ஐந்து பேருக்கும் ஐந்து தாள், ஐந்திலும் அதே கட்டம். மூன்று வயதுச் சின்னவன் சாமுவுக்கும் தனித் தாள்.

பிறகுதான் அப்பா டாக்டரிடம் போனார். அவர் நிஜ டாக்டர் இல்லை. மலாவிக்காரர், சிக்கோண்டி என்று பெயர், நகல் எடுக்கும் கடை வைத்திருக்கிறார். சீக்கான தாள்களைக் குணப்படுத்துகிறார் என்று எல்லோரும் டாக்டர் என்று கூப்பிடுகிறார்கள். ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்ததால் அப்பா என்னையும் கூட்டிப்போனார். டாக்டர் ஐந்து தாள்களையும் பார்த்துவிட்டு, "குடும்பத்தோட மூட்டையக் கட்டிட்டுப் போய் நின்னா எந்த வெள்ளைக்காரன்யா நம்புவான்? ஒருத்தர விட்டுட்டுப் போங்க. ஒரு பிள்ளை இங்க இருக்குன்னா நீங்க திரும்பி வருவீங்கன்னு நம்புவாங்க" என்றார்.

அப்பா, "எந்தப் பிள்ளைய விட்டுட்டுப் போறது? சீட்டுப் போட்டா பாக்கறது?" என்று கேட்டார்.

"படிக்கிற பிள்ளைய விடுங்க. பரீட்சை இருக்கற பிள்ளையா இருக்கணும். இவ எப்படிப் படிக்கறா?"

அப்பா என் மதிப்பெண் அட்டையை எடுத்து நீட்டினார். வகுப்பில் முதல். டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து, "இத மொதல்லயே காட்டியிருக்கக் கூடாதா? பேங்க் தாளவிட இதுதான்யா கெட்டி" என்றார். தம்பி மெலுசி கணக்கில் நூற்றுக்குப் பதினொன்று வாங்கியிருக்கிறான், சித்தி. அவனை யாரும் விட்டுவிட்டுப் போக முடியாது.

இரண்டாம் தடவைக்கான மனுக் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து நான்தான் எழுதினேன். அப்பா எழுதுவதுபோல எழுத வேண்டும். "எங்கள் மூத்த மகள் நவம்பரில் பள்ளி இறுதித் தேர்வு எழுதுகிறாள். விடுமுறையிலும் அவளுக்குச் சிறப்பு வகுப்புகள் உள்ளன. அவளைத் தனியே விட்டுவிட்டு எந்தத் தகப்பனும் வேற்று நாட்டில் தங்கிவிட மாட்டான்." கடைசி வரியை யாரும் சொல்லித்தரவில்லை. நானாக எழுதினேன். டாக்டர் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டி, இந்த ஒரு வரி போதும் என்றார். திரும்பும் வழியில் அப்பா எனக்கு உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக் கொடுத்தார். பெரிய பொட்டலம். முழுவதையும் நானே தின்றேன்.

பத்து நாள் பயணம், போனோம் வந்தோம் என்றுதான் நினைத்திருந்தேன். இங்கே வேலை போனால் என்ன செய்வது என்று அங்கே வேலைக்கு யாரையாவது பார்த்துப் பேசிவிட்டு வருவார்கள்போல என்று நினைத்தேன். எனக்கு அது வருத்தமாகவும் இல்லை. அப்பா மாலை நேரங்களில் ஊர்ப் பெயர்களை மனப்பாடம் செய்வார், நான் கேள்வி கேட்பேன். வெனிஸில் என்ன பார்ப்பீர்கள் என்றால், "தண்ணிக்குள்ள நிக்கற வீடுங்க. நம்ம மாடிப்படியிலயும்தான் தண்ணி நிக்குது, எவனாவது காசு குடுத்துப் பாக்க வரானா?" என்பார். இப்படிச் சொன்னால் விசா கிடைக்காது என்று நான் திட்டுவேன்.

போன ஞாயிற்றுக்கிழமை நீலக் கோப்பை எடுத்து வரச் சொன்னாள் அம்மா. கைதவறிக் கீழே விழுந்து தாள்கள் சிதறின. பொறுக்கும்போது மெலுசியின் மாற்றுச் சான்றிதழைப் பார்த்தேன். அவன் பள்ளித் தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் இருந்தன. பத்து நாள் ஊர் சுற்றிப் பார்க்கிறவனுக்கு மாற்றுச் சான்றிதழ் எதற்கு, சித்தி? அதன் அடியில் சாமுவின் தடுப்பூசி அட்டை இருந்தது. எல்லாவற்றையும் இருந்த வரிசையிலேயே அடுக்கி, அம்மாவிடம் கொடுத்தேன். இப்போதெல்லாம் அவள் என் முகத்தையே பார்ப்பதில்லை.

அன்றிரவு திரைக்கு அந்தப் பக்கம் பேசிக்கொண்டார்கள். அம்மா அழுதாள். "அவகிட்ட சொல்லிடுவோம். கெட்டிக்காரி, புரிஞ்சுக்குவா" என்றாள். அப்பா, "சொன்னா கெட்டுச்சு. கேக்கறவங்க முன்னாடி கொரல் நடுங்கிரும். அவளுக்குத் தெரியாம இருக்கற வரைக்கும் அவ சொல்றது உண்மை. அவளப் பொய் சொல்ல வச்ச பாவமும் நமக்கு வேண்டாம்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அங்க கால் ஊனினதும் மொத வேலையா அவளக் கூப்பிட்டுக்குவோம்" என்றார். எப்போது என்று அம்மா கேட்டாள். அப்பாவின் குறட்டைதான் கேட்டது. தூங்கிவிட்டாரோ, தூங்குவதுபோல இருந்தாரோ, தெரியாது.

என்னை மாந்யோனி வீட்டில் விடுவதாக ஏற்பாடு. தேவாலயத்தில் எங்களுக்கு முன்வரிசையில் உட்காரும் பெண். செவ்வாய்க்கிழமை வந்து என்னைப் பார்த்தாள். எந்த வகுப்பு என்று கேட்கவில்லை. "துணி தொவைப்பியா? கைக்கொழந்தைய முதுகுல கட்டிக்கிட்டு வேலை செஞ்சு பழக்கமிருக்கா?" என்று கேட்டாள். அம்மா அவசரமாக, "பத்து நாள் தானே அக்கா, அவ படிக்கணும்" என்றாள். மாந்யோனி என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "ஆமாமா, பத்து நாள்தான்" என்றாள்.

அவள் போனதும் அம்மா எனக்குத் தலை பின்னிவிட்டாள். எப்போதும் அரை மணியில் முடித்துவிடுவாள். அன்று நாலு மணி நேரம். புழுவைப்போல மெல்லிய பின்னல்கள், இழுத்த இழுப்பில் கண்ணோரம் வலித்தது. ஏன் இவ்வளவு இறுக்கமாக என்று கேட்டேன். "இப்படிப் பின்னினா ரெண்டு மாசம் தாங்கும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று தெரிந்ததுபோல அவள் விரல்கள் நின்றன. நான், குளிருக்கு இதுதான் நல்லது என்று சொன்னேன்.

எனக்கு ஆறு வயதாக இருந்தபோது என்னை உங்களிடம் விட்டுவிட்டுத்தான் எல்லை ஆற்றைக் கடந்து இங்கே வந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு வருவேன் என்றாள் அம்மா. மூன்று கிறிஸ்துமஸ் போயின. பேருந்து நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொல்லி நான் உங்களைப் படுத்தியது நினைவிருக்கிறதா? அம்மா எப்போது வருவாள் என்று கேட்டால் நீங்கள் ஒரு தடவைகூட நாளைக்கு என்று சொன்னதில்லை. "தெரியல, கண்ணு. வா, சாப்பிடு" என்பீர்கள். அப்போது எனக்கு உங்கள்மேல் கோபமாக வரும். இப்போது யாருக்கு எழுதலாம் என்று யோசித்தபோது உங்களைத் தவிர ஒருவரும் தோன்றவில்லை.

இன்று மதியம் விசா அலுவலகத்திலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. நாளைக் காலை பத்து மணிக்கு எங்கள் பள்ளிக்குப் பேசுவார்களாம். மகளோடு இரண்டு நிமிடம் பேச வேண்டுமாம். தலைமையாசிரியையின் அறையில் நான் போய் நிற்க வேண்டும். அப்பா சாயங்காலம் முழுவதும் அந்த அதிகாரிபோல மூக்கால் பேசிக் கேள்வி கேட்டார், நான் பதில் சொன்னேன். ஒன்பதாம் தேதி போகிறார்கள், பத்தொன்பதாம் தேதி வருகிறார்கள். மெலுசி விழுந்து விழுந்து சிரித்தான். அப்பா, "பாத்தியா, கொஞ்சமும் தடுமாறல. உண்மைக்கு எதுக்குத் தடுமாற்றம்?" என்று அம்மாவிடம் சொன்னார். சொல்லும்போது என்னைப் பார்த்தார். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டதோ என்னவோ.

நாளை நான் உண்மையைச் சொன்னால் மறுபடியும் அதே கட்டத்தில் குறி. நவம்பரில் ஐந்து பேரும் உங்கள் வாசலில் வந்து நிற்போம். அப்பாவுக்கு வேலை இருக்காது, ஆனால் எல்லோரும் ஒரே வீட்டில் இருப்போம். இதை நினைத்தபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, சித்தி. அதை நினைத்துத்தான் எனக்கு இப்போது என்னைக் கண்டே பயமாக இருக்கிறது. குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் இரண்டு பதிலையும் சொல்லிப் பார்த்தேன். உண்மையைச் சொல்லும்போதுதான் குரல் நடுங்குகிறது.

பத்தொன்பதாம் தேதி என்றே சொல்லிவிடுவேன் என்று நினைக்கிறேன். எந்தத் தகப்பனும் விட்டுவிட்டுப் போக மாட்டான் என்று எழுதியவளே நான்தான். விசா அலுவலகத்தில் அதை நம்பிவிட்டார்கள்போல.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். பேக்கி மாமா பிள்ளைகளைக் கம்பளி மூட்டைகளுக்கு நடுவில் உட்காரவைத்து எல்லை தாண்டிக் கொண்டுவருவார் என்று எல்லோருக்கும் தெரியும். பதினாறு வயதுப் பெண்ணுக்கும் இடம் இருக்குமா என்று, யாருக்காக என்று சொல்லாமல் கேட்டு வையுங்கள். உடனே வேண்டாம். நவம்பரில் மாந்யோனி என்னைத் தேர்வு எழுதவிட்டால் எழுதிவிட்டு வருகிறேன், விடாவிட்டால் அதற்கு முன்பே வருவேன். எனக்கென்று தனியாக எதுவும் சமைக்க வேண்டாம். முன்பு படுத்த இடத்திலேயே, கதவோரமாகப் படுத்துக்கொள்வேன். அம்மாவைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். அவள் போன் செய்தால் எதுவும் தெரியாததுபோலப் பேசுங்கள், பயணம் நல்லபடியாக அமையட்டும் என்று வாழ்த்துங்கள். கடவுள் உங்களையும் சித்தப்பாவையும் சுகமாக வைத்திருக்கட்டும். இப்படிக்கு என்று எழுதி முடிப்பதற்கு முன் இன்னொன்று, சாமுவுக்கு இரவில் இருமல்

கதவைத் தட்டுகிறார்கள். அம்மாதான். "லுங்கிலே, இன்னும் தூங்கலையா? ஒரே ஒரு தடவ சொல்லிப் பாத்துருவோம், கண்ணு. அப்பா வேண்டாம், நான் கேக்கறேன்" என்கிறாள். நான் தாழ்ப்பாளைத் திறக்கவில்லை. அவள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, அந்த அதிகாரியின் குரலில் பேச முயன்று, முடியாமல், தன் குரலிலேயே கேட்கிறாள். "உங்க அம்மா எப்ப திரும்பி வருவாங்க?"

சித்தி, நான்