பக்கத்து வீட்டு அம்மாவின் கட்டி

கிளாத்தென்,
பிப்ரவரி 9, திங்கள்

அன்புத் தங்கை வூரிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். போன் இருக்கும்போது அக்கா ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் என் விரல் மூளையை முந்திக்கொண்டு ஓடுகிறது. தாளில் எழுதினால் அடித்துத் திருத்த வேண்டியிருப்பதால் கொஞ்சமாவது யோசிக்கிறேன். இது மூன்றாவது தாள். முதல் இரண்டையும் கிழித்துவிட்டேன்.

முதலில் ஒன்று. உன் வீட்டுக்காரர் மேல் கோபப்படாதே. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் தர்சோனோ எனக்குப் போன் செய்தார். "அக்கா, நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதீங்க. கட்டி உடைஞ்சு புண்ணாயிடுச்சு. துணி மாத்தி மாத்தி வைக்கிறா. கிளினிக் நர்ஸம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லி ஒரு மாசம் ஆச்சு, அசைய மாட்டேங்குறா" என்றார். யாருக்குக் கட்டி என்று கேட்டேன். அவர் அழ ஆரம்பித்துவிட்டார். அவர் சொல்லாதே என்றதை இங்கே எழுதிவிட்டேன். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போனை வைத்துவிட்டு நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து எட்டு மாதம் பின்னால் போனேன். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் முன்பு. பெரியப்பா மகன் சர்ஜிமான் அண்ணன் வழக்கம்போல ஒரு செய்தியைத் தள்ளிவிட்டிருந்தார். முள் சீத்தா இலையைக் கொதிக்க வைத்துக் குடித்தால் புற்றுநோய் பத்தாயிரம் மடங்கு வேகத்தில் கரையும், மருந்துக் கம்பெனிகள் இதை மறைக்கின்றன, உடனே பத்து பேருக்கு அனுப்புங்கள் என்று. அதற்குக் கீழே நீ எழுதியிருந்தாய்: "அக்கா, ஒரு சந்தேகம். எங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்கு மார்புல சின்னக் கட்டி. வலியே இல்லையாம். இந்த இலை குடிச்சா கரையுமா? நீங்க படிச்சவங்க, அதான் கேக்குறேன்."

அதற்கு நான் ஐந்து செய்தி போட்டேன். ஆய்வுக்கூடத் தட்டில் செல் செத்ததை வைத்து மனுஷ உடம்பில் நோய் தீர்ந்தது என்று சொல்ல முடியாது. தட்டில் உப்பைக் கொட்டினாலும்தான் செல் சாகும். எத்தனை நோயாளிகளிடம் சோதித்தார்கள்? இலை குடிக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா? எல்லாம் சரியான கேள்விகள், வூரி. இன்றைக்கும் அதில் ஒரு வரியை மாற்ற மாட்டேன். ஐந்தாவதைத்தான் மாற்ற வேண்டும். "இலை திங்கிறது ஆடு. உங்க பக்கத்து வீட்டு அம்மாவுக்குக் கொம்பு முளைச்சிருக்கான்னு பார்த்துச் சொல்லு" என்று எழுதினேன்.

பெருநாள் நேரம், கேட்க வேண்டுமா? அறுபத்து மூன்று பேர் இருக்கும் குழுவில் இரண்டு நாள் ஆட்டுப் படமாகவே வந்து விழுந்தது. சின்னம்மா மகள் உன்னை ஆட்டுக்காரி என்றாள். நான் கண்ணில் நீர் வரச் சிரித்தேன். நீ "சரிங்க அக்கா, நன்றி" என்று எழுதி, கைகூப்பும் படம் ஒன்று போட்டாய். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. வெள்ளிக்கிழமைதான் அதைக் கவனித்தேன்.

எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊரில் யார்தான் தனக்கென்று நேராகக் கேட்கிறார்கள்? அதிலும் நீ சின்னப் பிள்ளையிலிருந்தே அப்படித்தான். பசித்தால் "அக்கா, பூனைக்குப் பசிக்குது" என்பாய். நான் சோறும் பொரித்த சோயாத் தெம்பேயும் போட்டுக் கொடுத்தால் பூனைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு மீதியை நீ சாப்பிடுவாய். அப்போது எனக்கு வயது பதினொன்று, அறிவியல் ஒன்றும் தெரியாது. ஆனால் யாருக்குப் பசி என்று தெரிந்திருந்தது.

இருபத்திரண்டு வருடமாக உயிரியல் பாடம் நடத்துகிறேன். வலியில்லாத கட்டியை உடனே டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று பெண் பிள்ளைகளுக்கு வருடா வருடம் கரும்பலகையில் எழுதிக் காட்டுகிறேன். உனக்குப் போட்ட ஐந்து செய்தியையும் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தேன். ஒன்றில்கூட அந்த அம்மாவை டாக்டரிடம் கூட்டிப் போ என்று இல்லை. நீ கட்டியைப் பற்றிக் கேட்டாய், நான் இலையைப் பற்றிப் பதில் சொன்னேன். அண்ணனை ஜெயிக்கிற அவசரம் எனக்கு. போன மாதம் பெண்கள் சங்கத்தில் பொய்ச் செய்தியைக் கண்டுபிடிப்பது எப்படி என்று பேசக் கூப்பிட்டார்கள். அங்கேயும் உன் கேள்வியைச் சொல்லித்தான் சிரிக்க வைத்தேன். அதற்கு அவர்கள் கொடுத்த சான்றிதழை இப்போது சுவரிலிருந்து கழற்றி அலமாரிக்குப் பின்னால் செருகியிருக்கிறேன்.

சர்ஜிமான் அண்ணன் உனக்குத் தனியாகப் போன் செய்தாராமே. நிழலில் உலர்த்திய இலையைப் பார்சலில் அனுப்பினாராம், வாரம் தவறாமல் "அந்த அம்மாவுக்கு எப்படி இருக்கு?" என்று கேட்டாராம். தர்சோனோ சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னது தப்பு, அந்தத் தப்பில் உன் எட்டு மாதம் போய்விட்டது. ஆனால் விசாரித்தவர் அவர் ஒருவர்தான். விசாரிக்கிறவர் கையிலிருந்து நீ இலையை வாங்கிக்கொண்டதில் எனக்கு என்ன ஆச்சரியம்?

நோன்பு மாதம் பிறக்கும் முன் வழக்கமாகச் செய்வதுபோல, நேற்று கல்லறைகளுக்குப் பூப் போட எல்லாரும் கூடினோம். நம் அம்மாவின் கல்லைச் சுற்றிப் புல்லைச் செதுக்கினேன். உன்னைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை. திரும்பும்போது அண்ணனிடம் கொஞ்சம் முள் சீத்தா இலை வேண்டும் என்று கேட்டேன். அவர் ஊரே கேட்கிற மாதிரி, "ஏம்மா டீச்சரு, உனக்கும் கொம்பு முளைச்சிடுச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு முகம் எரிந்தது. ஒரு நிமிடம்தான் நான் பட்டேன். நீ எத்தனை நாள் பட்டிருப்பாய். அவர் பாவம், வீடு வரை வந்து ஒரு பை நிறைய இலை கொடுத்துவிட்டுப் போனார். யாருக்கு என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மாவுக்கு என்றேன்.

அந்தப் பை என் பெட்டியில் இருக்கிறது. வியாழக்கிழமை செமாராங் துறைமுகத்தில் உன் ஊருக்குக் கப்பல் ஏறுகிறேன். பள்ளிக்கூடத்தில் ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டேன். இந்தக் கடிதம் விமானத்தில் வருவதால் எனக்கு முன்னால் உன் கைக்குக் கிடைத்துவிடும். என்னைப் பார்த்ததும் கதவைச் சாத்திக்கொள்ளாதே. ஆஸ்பத்திரிக்குப் போனால் இலை குடித்தது நீதான் என்று அக்காவுக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறாயாம். அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. இனி அந்தப் பயம் வேண்டாம்.

இலையைக் கைவிட மனமில்லை என்றால் எடுத்துக்கொண்டே வா. குடிக்கலாமா என்று டாக்டரிடம் நீயே கேள். சொன்ன மருந்தோடு அது ஒத்துப்போகுமா என்று அவர் சொல்லட்டும். நான் வாயைத் திறக்க மாட்டேன். பெஞ்சில் உன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். குணமாகிவிடும் என்று உனக்கு எழுத எனக்கு ஆசைதான். தெரியாததைத் தெரியும் என்று எழுத எனக்கு வராது, அது உனக்கே தெரியும். நாளாகிவிட்டது. ஆனாலும் செய்ய ஏதாவது இருக்கும், வலியைக் குறைக்கவாவது இருக்கும். அதற்கு நீ உள்ளே வர வேண்டும்.

அக்கம்பக்கத்தில் கேட்டால் பக்கத்து வீட்டு அம்மாவைக் காட்டத்தான் போகிறோம் என்று சொல்லிக்கொள். நானும் அதையே சொல்கிறேன். போகிற வழியில் உன்னிடம் கேட்பேன், அந்த அம்மாவுக்கு ரொம்ப வலிக்கிறதா, சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா, அக்கா மேல் அவளுக்கு இன்னும் கோபம் இருக்கிறதா என்று. அவளுக்காக நீ பதில் சொல், வூரி. எத்தனை நேரமானாலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அல்லாஹ் அந்த அம்மாவை எனக்கு விட்டுவைக்கட்டும்.

உன் அக்கா,
ஹெஸ்தி