கொம்புக்குப் பின்னால் ஓர் இடம்

என் அன்பான பாத்திரக்கடை அப்பாவுக்கு,

உங்கள் யானை இப்போது என் மேசைமேல் இருக்கிறது. இதை எழுதத் தொடங்குவதற்குள் பலமுறை எழுந்து அதன் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டேன். ஓரிடத்தில் உட்கார முடியவில்லை, அப்பா.

முதலில் ஒரு செய்தி. அது யானையே இல்லையாம்.

கடையை மூடப்போகிறோம். வாடகைக்கு விட்ட அண்டா, குண்டானையெல்லாம் தம்பி ஜெரோம் ஒதுக்கிக்கொண்டிருக்கிறான். பழம்பொருள் வாங்குகிற ஒருவரைச் சென்னையிலிருந்து வரவழைத்திருந்தான். அவர் அந்தக் கண்ணாடி உடம்பையும் வெள்ளித் தலையையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வால்ரஸ் சார். பனிக்கடல்ல இருக்கிற பிராணி. வெள்ளைக்காரங்க ஒயின் ஊத்துற ஜாடி" என்றார்.

"அப்ப தும்பிக்கை ஒடைஞ்சு போகலையா?" என்று அம்மா கேட்டாள்.

"அதுக்குத் தும்பிக்கையே கிடையாதும்மா."

"அட பாவமே! ஊனம்னு நெனச்சுல்ல இத்தன வருசமா எரக்கப்பட்டுக்கிட்டு இருந்தேன்."

நீங்கள் இருந்திருந்தால் அவரோடு சண்டைக்கே போயிருப்பீர்கள். கொடைக்கானலில் யாரோ பங்களாவைக் காலி செய்தபோது, அண்டாக்களோடு அதையும் லாரியில் ஏற்றி வந்தவர் நீங்கள். கிறிஸ்துமஸ் அன்று அதன் தலையைப் பின்னால் சாய்த்து, வீட்டில் போட்ட திராட்சை ஒயினை ஊற்றுவீர்கள். களக் களக் என்று சத்தம் வரும். "யானைக்கு விக்குது பாருங்க" என்பீர்கள். வால்ரஸுக்கும் விக்கல் வருமா, அப்பா?

வந்தவரின் விரல் அதன் கழுத்துப் பட்டையில் நின்றுவிட்டது. "யார் சார் இதுல பேரு வெட்டுனது? எவர்சில்வர் சட்டியில வெட்டுற மாதிரி?"

பாலிஷ் போட்டு எழுத்தை எடுத்துவிட்டால் வாங்க ஆள் இருக்கிறது என்றார். ஜெரோம் என்னைப் பார்த்தான். "ஒம் பேருதான் அக்கா. நீ சரின்னாத்தான் குடுப்பேன். நாளைக்குள்ள சொல்லிரு."

என் பெயர்தான். இனிஷியல் இல்லாமல், வெறும் 'அமலி'.

உங்களுக்கு நினைவிருக்கும். கோவிலில் பூசையில் என் கல்யாண அறிவிப்பாக இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது. மூன்றாவது ஓலைக்கு முன்பு தாடிக்கொம்பு மாப்பிள்ளை வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள். சீர்ப் பாத்திரங்கள் கடையின் மேல்தட்டில் தயாராக இருந்தன. மாப்பிள்ளையின் இனிஷியல் சேர்த்துத்தான் பெயர் வெட்ட வேண்டும் என்று நீங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தீர்கள். பிறகு அவற்றையும் வாடகைக்கு விட்டுவிட்டீர்கள். யார் யார் கல்யாணத்திலோ என் சட்டிகளில் சோறு வெந்தது.

அந்த வாரத்தில்தான் பெயர் வெட்டும் மெஷினை எடுத்துவைத்து, இந்த ஒன்றில் மட்டும் என் பெயரை வெட்டினீர்கள். பெயருக்கு முன்னால், கழுத்துப் பட்டைவரை தொங்கும் கொம்புக்குப் பின்னால், ஓர் எழுத்துக்கு இடம் விட்டீர்கள்.

அந்த இடம் யாருக்கு, அப்பா? இனியும் ஒருவன் வருவான் என்றா? உங்கள் இனிஷியல் 'சூ'வைப் போட உங்களுக்கு என்ன தடை? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நீங்கள் ஊற்றும்போது நான் டம்ளரைப் பார்க்கவில்லை. அந்த இடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களிடம் கேட்க ஒருநாளும் வாய் வரவில்லை.

வந்தவர் போனபிறகு அம்மாவிடம் கேட்டேன்.

"அதா? கொம்பு இடிச்சதுடி. மெஷினு உள்ள போகல. கெடக்கு விடுன்னு எந்திரிச்சுட்டாரு ஒங்கப்பா. இதுக்குப் போயா இம்புட்டு வருசமா மொகத்தத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்ச?"

சிரித்துவிட்டேன், அப்பா. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தேன். ஒரு பிராணியின் கொம்பு இடித்ததற்கா என் பாதி வயதைக் கொடுத்தேன்? அந்தச் சந்தோஷத்திலேயே அதைக் கழுவி வைக்கலாம் என்று குழாயடிக்குக் கொண்டுபோனேன். தலையைத் தூக்கினேன். கொம்பும் கூடவே எழும்பியது. கழுத்துப் பட்டை முழுதும் திறந்து கிடந்தது. மெஷின் என்ன, என் கட்டைவிரலே தாராளமாகப் போய்வந்தது.

ஈரக் கையோடு அடுப்படிக்குப் போனேன். "அம்மா, தலையைத் தூக்குனா கொம்பும் சேர்ந்துல்ல வருது?"

அவள் நிமிரவில்லை. "வெஞ்சனம் அடிப்பிடிக்கப் போவுது. செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியா நீ?"

பொய் உங்களுடையதா, அவளுடையதா? அன்றைக்கு நீங்கள் அவளிடம் சொன்னதா, இன்றைக்கு அவள் எனக்காகச் செய்ததா? இனி அவளைக் கேட்கப்போவதில்லை. ஆனால் கேள்வி மட்டும் அறைக்கு அறை என் பின்னாலேயே வருகிறது.

ஜெரோமுக்குப் போன் செய்தேன். "பாலிஷ் வேணாம்டா. விக்கவும் வேணாம்."

"அப்ப அந்த இடத்துல அப்பா இனிஷியலயாச்சும் வெட்டிருவோமாக்கா? மொட்டையா இருக்கு."

"இருக்கட்டும்."

கொடைரோட்டுத் திராட்சை வாங்கி ஊறல் போட்டாயிற்று. இந்தக் கிறிஸ்துமஸுக்கு நான்தான் ஊற்றுவேன், அப்பா. தலையை முழுதாகத் தூக்கி, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி ஊற்றுவேன். அந்த இடத்தில் எவருடைய எழுத்தும் ஏறாமல் பார்த்துக்கொள்வேன், உங்களுடையதும்கூட. இது என் சத்தியம்.

யானை என்றே சொல்லுவோம். அதில் மாற்றமில்லை.

உங்கள் மூத்த மகள்,
வெறும் அமலி