கேட்டுக்கு ஊற்றிய கறுப்பு பீர்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், நீயும் அப்படியே இருப்பாய் என்று நம்புகிறேன், வாசல் கேட்டுக்கு மட்டும்தான் உடம்பு சரியில்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, காரணம் நான்தான். நீ காய்ச்சி அனுப்பிய மூன்று பாட்டில் கறுப்பு பீரையும் உன் அப்பா நேராகத் தன் வண்டிப் பட்டறைக்குக் கொண்டுபோய் எண்ணெய் வைக்கிற பலகையில் அடுக்கிவிட்டார். கேட்டதற்கு, கறுப்பா இருக்கிறதெல்லாம் அங்கதான் வைப்பேன் என்றார். அதெல்லாம் பிறகு கேட்டது. நீயும் பாட்டிலில் ஒரு பேர்கூட ஒட்டவில்லை, நான் எதைக் கண்டேன், கிரீச்சென்று கத்துகிற கேட்டின் கீலுக்கு ஒரு பாட்டிலைத் தாராளமாக ஊற்றினேன். நுரைத்தது. பழைய எண்ணெய் போலிருக்கிறது என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். கேட் இப்போது முன்னைவிடக் கத்துகிறது, எறும்பு சாரை சாரையாக வருகிறது. உன் சரக்கை முதலில் குடித்துப் பார்த்து மெச்சியது அவைதான்.

நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். உன் கடையில் அந்த பீரோடு என்ன சாப்பாடு வைக்கலாம், கடை திறப்புக்கு அப்பா வருவாரா என்று. வங்கி வேலையை விட்டுவிட்டு பீர் காய்ச்சப் போனாய் என்று உன்னோடு பேச்சை நிறுத்திய மனுஷனிடம் இரண்டாவதை எப்படிக் கேட்பது, அதனால் முதல் கேள்வியில் தொடங்கினேன். இன்னொரு பாட்டிலை ஃப்ரிட்ஜில் வைத்து ஐஸ் மாதிரி ஆக்கி, மீன் வறுத்தேன். பக்கத்து வீட்டு பேக்கரி அக்கா சாக்லேட் கேக்கோடு வந்தாள். மீனைத் தின்றுவிட்டு ஒரு மடக்குக் குடித்தால் ஆணியை நக்கியதுபோல இருந்தது. இருமல் மருந்துன்னு சொல்லி வித்தா ஓடும்டீ என்றாள் அக்கா. அப்பா விரல் நுனியில் ஒரு சொட்டு வாங்கி, என்ஜின் எண்ணெய் பார்க்கிற மாதிரி தேய்த்துப் பார்த்து, காலாவதியாயிடுச்சு, மாத்தணும் என்றார். இருந்தாலும் ஒரு கிளாஸ் ஊற்றி அவர் முன்னால் வைத்தேன், தொடவே இல்லை, ரேடியோவைப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தார்.

நான் அக்காவோடு ஊர்க்கதை பேசியதில் மீனுக்குப் பிறகு அடுப்பில் வைத்த இறைச்சி ஓரமெல்லாம் கருகிவிட்டது. அதில் ஒரு துண்டு அப்பாவுக்குத் தொண்டையில் மாட்டிக்கொள்ள, கைக்கு எட்டியது அந்த கிளாஸ்தான், இவ்வளவு நேரத்தில் அதன் குளிர் நன்றாகவே விட்டுப்போயிருந்தது. குடித்தவர் கிளாஸைக் கீழே வைக்கவில்லை. கருகிய துண்டு இன்னொன்று, இன்னொரு மடக்கு. வறுத்த காப்பிக்கொட்டை வாசனை வருது, அடியில சாக்லேட் மாதிரி ஒண்ணு இருக்கு, குளிர்ல அது தூங்கிட்டு இருந்திருக்கு என்றார். இனிப்பென்றால் முகத்தைத் திருப்புகிறவர் அக்காவின் கேக்கை இரண்டு துண்டு வைத்துக் குடித்தார். ஆகவே மீன் வேண்டாம், ஓரம் கருகிய இறைச்சி வை, கடைசியில் கேக் வை, குடிக்கக் கொடுக்கும் முன்னால் பாட்டிலைக் கொஞ்ச நேரம் வெளியே வை. வண்டியும் சூடானாத்தான் ஒழுங்கா ஓடும்னு அவகிட்ட சொல்லு என்றார் அப்பா. நீங்களே சொல்லுங்களேன் என்றேன். நேர்லயே சொல்லிக்கிறேன் என்றார். எனக்குக் கண்ணில் வெங்காயக் காரம் பட்டுவிட்டது, அன்றைக்கு வெங்காயமே நறுக்கவில்லை என்பது வேறு விஷயம்.

நேரத்துக்குச் சாப்பிடு, காய்ச்சினதையெல்லாம் நீயே ருசி பார்த்துத் தீர்த்துவிடாதே. கை வைத்ததெல்லாம் நுரைத்துப் பொங்கி நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் பாட்டிலில் பேர் ஒட்டு.

உன் அம்மா

பி.கு: திறப்பு அன்றைக்கு உன்னோடு உட்கார்ந்து குடிக்க வேண்டும் என்று கடைசி பாட்டிலை அப்பா பத்திரமாக அதே பலகையில் எடுத்து வைத்திருந்தார். இன்று காலை பயணத்துக்காக நம் காருக்கு என்ஜின் எண்ணெய் மாற்றினார். நுரைத்ததாம், பழைய எண்ணெய் என்று நினைத்தாராம். நாங்கள் ரயிலில் வருகிறோம்.