இடியனுக்கு ஏற்ற குண்டு

1984 மாசி, ஞாயிறு இரவு

இன்று மனிசியின் மீன்குழம்புச் சட்டிக்குள் ஈயக்குண்டொன்றை விழுத்தி, அகப்பையால் தோண்டி எடுத்து, ஒன்றும் தெரியாதவன்போல் இருந்து சாப்பிட்டேன்.

கிளிநொச்சியில் மனிசியின் தம்பி, என் மச்சானின் வயலை ஒரு தனியன் பன்றி உழுது தள்ளுகிறது. போன கிழமை நாயையும் கிழித்துப்போட்டதாம். அதைச் சுடவென்று, வாய்வழியே வெடிமருந்தும் குண்டும் போட்டு இடித்துச் சுடும் தகப்பனின் இடியன் துவக்கோடும், மீன்வலை ஈயத்தை உருக்கிச் சிறிதும் பெரிதுமாய் வார்த்த குண்டுகளோடும் மச்சான் வந்து நின்றார்.

சின்னக் குண்டைக் காட்டி, "உது காணும் அத்தான். சுகமாய் உள்ளுக்குப் போகுது," என்றார்.

"சுகமாய் வெளியிலையும் வரும். துவக்கின்ரை வாய் சரிஞ்சால் குண்டு உருண்டு விழுந்திடும். பிறகு பன்றிக்கு வெறும் சத்தம்தான்."

காட்டுப்பன்றியை நான் இறைச்சியாய் மட்டும்தான் கண்டிருக்கிறேன். ஆனாலும் குசினியிலேயே குண்டைப் போட்டுத் துவக்கைச் சரித்துக் காட்டினேன். அது நேரே அடுப்பிலிருந்த சட்டிக்குள் போனது.

"மீனுக்குப் பட்டிட்டுது அத்தான்," என்றார் மச்சான்.

பிறகு பெரிய குண்டொன்றைப் பழஞ்சேலைத் துண்டில் சுற்றி இறுக்கினோம். தலைகீழாகப் பிடித்தும் அசையவில்லை. இனிப் பன்றிக்கு முன்னால் தைரியமாய் நிற்கலாம் என்று மச்சானின் முகம் தெளிந்தது. எனக்கும் சந்தோசத்தில் பெரிய புளுகம்.

வெடிமருந்து விற்ற ஒரே கடையைப் போன மாதமே பூட்டிவிட்டார்கள்; இடியனுக்குள் போட எங்களிடம் ஒரு சிட்டிகை மருந்தும் இல்லை. அதைப் பற்றி இரண்டு பேரும் கதைக்கவில்லை.